பட்டில் வரைந்து வாழ்த்து அட்டை: பெயிண்ட் ஓடுது, பசை ஊறுது, என்ன செய்யலாம்?

கேள்வி | அக்டோபர் 3

பொங்கலுக்குக் கையால் வாழ்த்து அட்டை செய்யலாம் என்று ஆரம்பித்தேன். அப்பாவின் பழைய பட்டு வேட்டியிலிருந்து அட்டை அளவுக்குத் துண்டுகள் நறுக்கி, ஃபேப்ரிக் பெயிண்டில் பானையும் கரும்பும் வரைந்தேன். தண்ணீர் கலந்த இடமெல்லாம் கோட்டைத் தாண்டிப் பரவிவிட்டது. அட்டையில் ஒட்டினால் பசை மேலே ஊறிக் கறை. பட்டின் மினுமினுப்பும் போய்விட்டது. இது அட்டைக்கு ஒத்துவராத வேலை, காகிதத்தில் வாட்டர்கலரே போதும் என்பது என் முடிவு. செய்து பார்த்தவர்கள் வேறு மாதிரி சொன்னால் கேட்கத் தயார்.

அக்டோபர் 3, இரவு

ஒத்துவரும். பட்டில் வரைய ஆசைப்படுகிறவர்கள் அட்டையில்தான் தொடங்க வேண்டும் என்பேன். துவைக்க வேண்டாம், உடுத்த வேண்டாம், சின்ன அளவு, வாங்குகிறவர் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும் பொருள்.

நீங்கள் செய்த வரிசைதான் தலைகீழ். முதலில் நறுக்கி, அப்புறம் வரைந்து, கடைசியில் முழுக்கப் பசை தடவியிருக்கிறீர்கள். துணியைப் பெரிய துண்டாகவே இழுத்துக் கட்டி வரையுங்கள். காய்ந்த பிறகு, ஜன்னல் வெட்டிய அட்டையை அதன்மேல் வைத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எந்த இடம் நன்றாக வந்திருக்கிறதோ அதை மட்டும் நறுக்குங்கள். ஜன்னலில் தெரியும் பட்டின் பின்னால் பசை போகவே கூடாது. ஓரத்தில் மட்டும்.

மீதியை நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 4

முதலில் துணி. வேட்டிப் பட்டு நல்ல பட்டுதான், ஆனால் அட்டைக்குக் கனம். நிறமும் வெண்ணெய் மஞ்சள் என்பதால் நீலம் தடவினால் கொஞ்சம் பச்சையாகத் தெரியும். அட்டைக்கு ஏற்றது மெல்லிய வெள்ளை ஹபோட்டாய். கடைகளில் சைனா சில்க் என்று கேட்டால் புரியும். எடையை ‘மொம்மே’ என்று சொல்வார்கள். ஒரு மொம்மே என்பது சதுர மீட்டருக்கு 4.34 கிராம். கழுத்துக்குப் போடும் ஸ்கார்ஃபுக்கு 8 மொம்மே எடுப்பார்கள். அட்டைக்கு 5 மொம்மே போதும். விலையும் குறைவு, வண்ணமும் உள்ளே உடனே இறங்கும்.

வாங்கியவுடன் வரையாதீர்கள். பட்டுக்கூட்டில் இழைகளை ஒட்டிப்பிடித்திருப்பது செரிசின் என்ற பசை. கூட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். அதைப் போக்கித்தான் துணிக்கு அந்த மினுக்கத்தைக் கொண்டுவருகிறார்கள். அது கொஞ்சம் மிச்சமிருந்தாலும், கடையில் மொடமொடப்புக்காகப் போட்ட கஞ்சி இருந்தாலும் வண்ணம் உருண்டை உருண்டையாக மேலேயே நிற்கும். பட்டுப்புடவைக்குப் போடுவது மாதிரியே பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வெள்ளைப் பட்டு என்று ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) எனக்குக் கொடுத்தது முழுக்க பாலியஸ்டர். மினுக்கம் பட்டைவிட அதிகமாகவே இருந்தது. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீயில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும். இந்தச் சோதனைக்கு மறுக்கும் கடைக்காரரிடம் வாங்க வேண்டாம்.

அக்டோபர் 7

பெயிண்ட். ஃபெவிக்ரில், கேமல் இரண்டுமே துணிக்கு நல்லவைதான், ஆனால் அவை துணியின் மேல் உட்காரும் அக்ரிலிக். பட்டில் கெட்டியாகப் போட்டால் பிளாஸ்டிக் பட்டை மாதிரி ஆகிவிடும். தண்ணீர் சேர்த்தால் நிறம் வைத்த இடத்திலேயே நிற்கும், தண்ணீர் மட்டும் ஓடிச் சுற்றிலும் வெளிறிய வளையம் விழும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

பட்டுக்கென்றே வரும் வண்ணம் தண்ணீரைப் போல இருக்கும். அதில் இரண்டு வகை. ஒன்று மெல்லிய நிறமித் துகள் கலந்தது, பெபியோவின் செட்டாசில்க் மாதிரி. காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரி போட்டால் நிலைத்துவிடும். இன்னொன்று சாயம். அது இழைக்குள்ளேயே போய்ப் பிணையும், அதற்கு ஆவி கட்ட வேண்டும், அதாவது துணியைச் சுருட்டி நீராவியில் வைக்க வேண்டும். சாயத்தின் ஒளிர்வு தனி அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அட்டைக்கு இஸ்திரி வகையே வாங்குங்கள்.

தூரிகை வைக்கும் விதம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். காகிதத்தில் நாம் கோடு வரை தூரிகையை இழுத்துப் பழகியிருக்கிறோம். பட்டில் அப்படிச் செய்யக்கூடாது. கட்டத்தின் நடுவில் நுனியைத் தொட்டுவிட்டு எடுத்துவிடுங்கள். வண்ணம் தானாகவே நாலா பக்கமும் ஊர்ந்து போய்க் கோட்டில் முட்டி நிற்கும். உற்றுப் பார்த்தால் ஊடிழை, பாவிழை இரண்டின் வழியாகவும் ஓடுவது தெரியும், அதனால்தான் பரவல் முதலில் சிலுவை மாதிரி நீண்டு அப்புறம் வட்டமாகும். அதைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் ஒரு மூலையில் சும்மா பொட்டு வைப்பேன்.

அக்டோபர் 8

“கோட்டில் முட்டி நிற்கும் என்றால் அந்தக் கோடு எதனால் போடுவது?” என்று கேட்டிருக்கிறார்கள். குட்டா என்ற தடுப்புத் திரவத்தால். பெயர் வந்தது மலேயாக் காட்டு மரமான குட்டா பெர்ச்சாவின் பாலிலிருந்து. 1851ல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையாகச் சுற்றியது இதே பால்தான். பல்லில் ரூட் கெனால் செய்துகொண்டவர்கள் வாயிலும் இன்று அதுதான் இருக்கிறது, வேரை அடைப்பதற்கு மருத்துவர்கள் அதையே வைக்கிறார்கள்.

அட்டைக்கு அந்த அசல் வகை வேண்டாம், கரைக்கும் திரவத்தின் நெடி தாங்காது. தண்ணீரில் கரையும் குட்டா கிடைக்கிறது. ஒரு கோடு போட்டால், காய்ந்த பிறகு அந்த இடத்தில் நிறம் ஏறாது.

அக்டோபர் 9

குட்டாவில் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன், கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியே வருகின்றன.

கோடு துணியின் அடிப்பக்கம் வரை இறங்கியிருக்க வேண்டும். காய்ந்ததும் ஃபிரேமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். கோடு கண்ணாடி மாதிரி ஒளி விட வேண்டும். மங்கலாக இருக்கும் இடமெல்லாம் வண்ணம் கசியப் போகிற இடம். பின்பக்கமாக அங்கே மட்டும் இன்னொரு முறை போடுங்கள். 5 மொம்மே எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், ஒரே இழுப்பில் அடிவரை போய்விடும்.

இரண்டாவது, கோடு மூடியிருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் வண்ணம் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது, நுனி. மருதாணிக் கோனில் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். போடலாம், கை நன்றாகவே ஓடும். ஆனால் குட்டா மருதாணிக் குழம்பைவிட ரொம்ப நீர்த்தது. கோன் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் குண்டூசியால் ஒரு குத்து மட்டும் குத்துங்கள். ஓர் இடத்தில் நிறுத்தி யோசித்தால் அங்கே குளம் கட்டும், அதனால் கை நிற்கக்கூடாது.

அக்டோபர் 9, சற்றுப் பிறகு

ஃபிரேம் பற்றி விட்டுவிட்டேன். எம்பிராய்டரி ஃபிரேம் போதும், ஆனால் துணி மேசையைத் தொடாதபடி நாலு மூடிகளின் மேல் தூக்கி வையுங்கள். நனைந்ததும் பட்டு தொய்யும், அப்போது ஒருமுறை இழுத்து இறுக்குங்கள். தொய்ந்த குழியில் வண்ணம் தேங்கிக் கருத்துவிடும்.

அக்டோபர் 16

என்ன வரைவது என்ற கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: சிக்குக் கோலம்.

நான் பல வருடம் பானை, கரும்பு, சூரியன் என்றுதான் போட்டுக்கொண்டிருந்தேன். பானை வாயில் கோடு விட்டுப்போகும், கரும்புத் தோகை நுனியில் கசியும். ஒரு மார்கழியில் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து ஃபிரேமைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சிக்குக் கோலத்தில் இழை எங்கேயும் முடியாது, சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும். ஆகவே ஒவ்வொரு கட்டமும் தானே அடைபட்டிருக்கும். பட்டு ஓவியத்துக்குத் தேவையே அதுதானே! வெள்ளைப் பட்டில் நிறமில்லாத குட்டா போட்டால் கோடு வெள்ளையாகவே மிஞ்சும், மாவு இழுத்த மாதிரி. உள்ளே இருக்கும் சின்னக் கட்டங்களில் புள்ளிக்குப் பதிலாக ஒரு சொட்டு வண்ணம், வெளியே முழுக்கச் செம்மண் நிறம்.

மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி போதும். புள்ளிக்குப் புள்ளி இரண்டு சென்டிமீட்டராவது விடுங்கள், அதற்குக் கீழே போனால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புள்ளியை பென்சிலில் வைக்கக்கூடாது, கரி தங்கிவிடும். துணிக்கு அடியில் வரைந்த தாளைப் பிடித்தால் 5 மொம்மே வழியாக அப்படியே தெரியும்.

அக்டோபர் 17

“பெரிய துண்டில் வரைந்து நல்ல இடத்தை நறுக்கு என்றீர்களே, கோலத்தை எப்படிப் பாதியில் நறுக்குவது?” நியாயமான கேள்வி. அக்டோபர் 3ல் சொன்னது கோடு இல்லாமல் வண்ணம் பரவவிடும் துணிக்கு. கோலம் என்றால் பெரிய துண்டிலேயே நாலைந்து கோலங்களை, நடுவில் மூன்று விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள். ஒன்று கசிந்தாலும் மற்றவை நிற்கும். கசிந்ததையும் எறியாதீர்கள். அதில் ஒரு மூலை மட்டும், பாதிக் கோலமாக ஜன்னலில் தெரிந்தால் சில சமயம் முழுக் கோலத்தைவிட அழகு.

அக்டோபர் 24

நான் இருப்பது புதுச்சேரி. மழை பிடித்துக்கொண்டது. உப்பு பற்றி எழுத இதுதான் நேரம்.

வண்ணம் பளபளவென்று ஈரமாக இருக்கும்போதே நாலைந்து கல் உப்பைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரோடு நிறமும் கல்லை நோக்கி நகரும். கல்லடியில் அடர்த்தி, சுற்றிலும் வெளிறிய கதிர்கள். நீலத்தில் போட்டால் கடலடிப் பாசி, சிவப்பில் போட்டால் செம்பருத்தி. கை வைக்காமல் முழுக்கக் காய விட வேண்டும். தூள் உப்பு போட்டால் பொடிப் புள்ளிதான் வரும், கதிர் வராது.

மழைக்காலத்தில் இது வேலை செய்யாது என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் இருக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக் கல்லை நனைப்பது அதுதான். ஏற்கெனவே நனைந்த கல் பட்டிலிருந்து எதை உறிஞ்சும்? வாணலியில் சூடு வர வறுத்து, ஆறவைத்து, உடனே போடுங்கள். தூத்துக்குடிக் கல் உப்பே போதும், இதற்கென்று பாக்கெட்டில் விற்பதை வாங்க வேண்டாம்.

அக்டோபர் 25

முக்கியமானது: காய்ந்ததும் உப்பை ஒரு துகள் விடாமல் தட்டி, உலர்ந்த தூரிகையால் துடைத்துவிட்டுத்தான் இஸ்திரி போட வேண்டும். அட்டைக்குள் ஒரு துகள் மாட்டிக்கொண்டால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மாதம் கழித்து அந்த இடத்தில் காகிதம் அலைஅலையாகும்.

நவம்பர் 2

சோற்றுக் கஞ்சியோ மைதாப் பசையோ குட்டாவுக்குப் பதிலாகுமா என்று கேட்டவருக்கு. ஜப்பானில் கியோட்டோவில் யூஸென் என்ற பட்டு வேலை முழுக்க முழுக்க அரிசிப் பசையில்தான் வளர்ந்தது. 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மியாசாகி யூஸென் என்ற ஓவியர் பெயரால் அது வழங்குகிறது. அவர் விசிறி ஓவியர், அதாவது கையில் அடங்கும் சின்னப் பரப்பில் வரைந்து பழகியவர். அட்டை செய்கிறவர்களுக்கு அவர் ஒரு வகையில் முன்னோடி என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்தப் பசை ஒட்டும் அரிசி மாவும் தவிடும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது. நம் வீட்டு மைதாப் பசை நீர்த்த வண்ணம் பட்டவுடன் ஊறி விட்டுக்கொடுத்துவிடும். கெட்டி ஃபேப்ரிக் பெயிண்டோடு மட்டும் மைதா நிற்கும். பசையைத் துணி முழுக்கப் பூசி, காய்ந்ததும் கசக்கி, விரிசல் வழியாகப் பெயிண்ட் தேய்த்தால் பாட்டிக் என்ற மெழுகுச் சாயத் துணியில் வரும் வெடிப்புக் கோடுகள் கிடைக்கும். உங்கள் ஃபேப்ரிக் பெயிண்ட் வீணாகாமல் இருக்க இது ஒரு வழி.

நவம்பர் 3

“இதெல்லாம் பொழுதுபோக்குக் கைவேலை, கலை என்று பேச வேண்டாமே” என்று மேலே ஒருவர். 1966ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, அவர்களைத் தாங்கியது அவர்கள் கையால் செய்து விற்ற பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருள்களும்தான். பெரிய ஓவியம் வரைந்த அதே கைகள். மேலே சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, கோட்டில் கசிவு நிற்பது பற்றிப் பேசுவோம்.

நவம்பர் 11

அட்டை கட்டுவது. நிறையப் பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

ஒரே அட்டையை மூன்று மடிப்பாக மடியுங்கள். ஒவ்வொரு மடிப்பும் 10.5க்கு 15 சென்டிமீட்டர். நடு மடிப்பில் 7க்கு 10 ஜன்னல். பட்டு 9க்கு 12. ஜன்னலைச் சுற்றி உள்பக்கம் டபுள் சைடு டேப் ஒட்டி, அட்டையைத் தூக்கி மேலிருந்து பட்டின்மேல் இறக்குங்கள். பட்டைத் தூக்கி அட்டையில் வைத்தால் கோணலாக இழுத்துக்கொள்ளும். அப்புறம் முதல் மடிப்பை மடித்துப் பின்பக்கத்தை மூடிவிட வேண்டியதுதான்.

மூடுவதற்கு முன் பட்டின் பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். 5 மொம்மே ஒளி ஊடுருவும் துணி. பின்னால் பழுப்பு அட்டை இருந்தால் மஞ்சள் அழுக்காகவும் ரோஜா நிறம் செங்கல்லாகவும் தெரியும். வெள்ளைத் தாளை வைத்த அந்த நொடியில் வண்ணம் எழுந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். தாளை ஒட்ட வேண்டாம், சும்மா செருகினால் போதும். பட்டுக்கும் தாளுக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருந்தால்தான் அட்டையைச் சாய்க்கும்போது மினுக்கம் நகரும்.

மடிப்பு வெடிக்கிறது என்றவருக்கு: ரீஃபில் தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு தடம் போட்டுவிட்டு மடியுங்கள். அட்டைக்கு நான் இங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடத்தில் வாங்குகிறேன். பருத்தித் துணிக் கூழில் செய்த காகிதத்தின் சொரசொரப்புக்குப் பக்கத்தில் பட்டு இன்னும் வழவழப்பாகத் தெரியும்.

நவம்பர் 19

பட்டுப்புழுவைக் கொன்று எடுப்பதுதானே என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை.

9க்கு 12 சென்டிமீட்டர் துண்டு 5 மொம்மேயில் கால் கிராம்கூட வராது. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஐயாயிரம் கூடுகளுக்கு மேல் வேண்டும். ஆக ஓர் அட்டைக்கு ஒன்றிரண்டு கூடு. பட்டுப்புடவையோடு பார்த்தால் ரொம்பக் கொஞ்சம், ஆனால் ஒன்றிரண்டு என்று எண்ண முடிகிற அளவுக்கு வந்துவிட்டதே என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் கசிந்த துண்டையும் எறியாதீர்கள் என்று மேலே எழுதினேன். நறுக்கிய ஓரங்கள்கூட புத்தகக் குறியாகும்.

கொல்லாமல் எடுக்கும் அகிம்சைப் பட்டு இருக்கிறது. ஆந்திரத்து நெசவுத் துறையில் வேலை பார்த்த குசுமா ராஜையா அதற்குக் காப்புரிமை பெற்றவர். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பிறகு எடுப்பதால் இழை அறுந்திருக்கும், அதைப் பஞ்சுபோல நூற்க வேண்டும். மினுக்கம் குறைவு, அங்கங்கே முடிச்சு. கோலம் அதில் சரியாக வராது, முடிச்சில் குட்டா தடுக்கும். உப்பு வேலை மட்டும் அதில் அபாரமாக வருகிறது. அந்த முடிச்சுகளே வண்ணத்தைப் பிடித்து நிறுத்திக் கதிர்களைத் திருப்பிவிடும்.

நவம்பர் 28

பள்ளிப் பிள்ளைகளுக்கு: கேசரிப் பவுடர். விளையாட்டில்லை. உணவு நிறங்களில் பெரும்பாலானவை பட்டையும் கம்பளியையும் பிடிக்கும் அமிலச் சாயங்கள். தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்து நாலு சொட்டு வினிகர் விட்டால் பட்டில் அழகாகப் பிடிக்கும், வாயில் வைத்துவிட்டாலும் பயமில்லை. வெயில் பட்டால் சீக்கிரம் வெளிறும். சுவரில் மாட்ட வேண்டாம், அட்டைக்குள் இருந்தால் பாதகமில்லை.

டிசம்பர் 6

இட்லிப் பானையில் ஆவி கட்டலாமா? சாயம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் கட்டலாம், ஆனால் அந்தப் பானையில் அப்புறம் இட்லி வேகவைக்கக்கூடாது. பழையது ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். பட்டை அச்சிடாத செய்தித்தாள் காகிதத்தில் சுருட்டி, தண்ணீரில் படாமல் தட்டின்மேல் வைத்து, மூடிக்கு அடியில் தடித்த துணி கட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டும். மூடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் அங்கே வட்டம். அக்டோபரில் அட்டைக்கு வேண்டாம் என்றது இந்தத் தொல்லைக்காகத்தான். ஆனால் ஒரு பெரிய துண்டை ஒரே தடவை ஆவி கட்டி இருபது அட்டைக்கு நறுக்குவதாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம் என்று இப்போது தோன்றுகிறது. கருநீலமும் மயில்கழுத்து நிறமும் சாயத்தில் வருவது மாதிரி வேறு எதிலும் வராது.

டிசம்பர் 18

தபால். சாதாரணக் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம். மேலே சொன்ன மூன்று மடிப்பு அட்டை 250 ஜிஎஸ்எம்மில் (சதுர மீட்டருக்கு 250 கிராம் கனம்) 12 கிராம், உறை 5, உள்தாளும் டேப்பும் பட்டும் சேர்ந்து ஒன்றரைக்குள். 300 ஜிஎஸ்எம் எடுத்தால் 20ஐத் தாண்டிவிடும், கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டும். ஒட்டாமல் போட்டால் வாங்குகிறவரிடம் அபராதம் கேட்பார்கள்.

பட்டின்மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்து உறையில் இடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், இந்த ஈரக் காற்றில் உள்ளே வேர்த்துவிடும். முத்திரையைக் கையால் குத்தித் தரச் சொல்லி கவுண்டரில் கேளுங்கள், பெரும்பாலும் செய்து தருவார்கள். உறையின் முன்பக்கம் தலை ஒட்டும் மூலைக்கு நேராக ஜன்னல் வராதபடி அட்டையைத் திருப்பி வைத்தால் குத்து விழுந்தாலும் பட்டுக்குச் சேதமில்லை. வெளியூருக்கு என்றால் ஜனவரி முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.